தபாலாபீஸ் சுவரும் ஜனங்களின் உரிமையும்

சர்க்கார் கட்டடம் என்றால் சாமானிய மனிதனுக்கு ஒருவித அச்சம் தோன்றுவது உலக இயல்பு. நியாயஸ்தலத்திற்குப் போகிறவன் வழக்கின் கவலையோடு போகிறான். வரி கட்டப் போகிறவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறான். போலீஸ் ஸ்டேஷனுக்கோ வேறு வழியின்றியே போகிறான். ஏழையும் செல்வனும், கற்றவனும் கல்லாதவனும் நடுக்கமின்றி நுழையும் சர்க்கார் வாயில் ஒன்றுண்டாயின் அது தபாலாபீஸின் வாயிலே. தூரதேசம் சென்ற மகனுடைய கடிதத்தை எதிர்பார்த்து நிற்கும் தாயும், மணியார்டர் செய்ய வந்த கூலியாளும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். அத்தகைய இடத்தின் சுவரில் சர்க்கார் செலவில் ஒரு சித்திரம் தீட்டுவதென்றால், அதைத் தீட்டுபவர் யார், யாருடைய வாழ்க்கையைத் தீட்டுவது, பலமுள்ளவர் சிலர் அதை மறைக்கச் சொன்னால் சர்க்கார் என் செய்வது என்னும் கேள்விகள் எழுகின்றன. இவை கலாரசிகர்களுக்கு மட்டும் உரிய கேள்விகளல்ல, ஜனநாயகத்தின் கேள்விகள். அமெரிக்க ஐக்கிய நாடு 1934 முதல் 1943 வரை இக்கேள்விகளுக்குத் தன் தபாலாபீஸ் சுவர்களிலேயே விடை தேடிற்று. அவ்விடையில் போற்றத் தக்கதும் உண்டு. வெட்கப்படத் தக்கதும் உண்டு. இரண்டையும் நம் வாசகர் முன் வைத்து நமது அபிப்பிராயத்தைக் கூற விரும்புகிறோம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்ததையும், அதன்பின் அத்தேசத்தைப் பீடித்த தரித்திரத்தையும் யாவரும் அறிவர். 1933-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, உழைக்கக் கூடியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. உழவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் நேர்ந்த கதியே சித்திரக்காரனுக்கும் நேர்ந்தது. அரிசி வாங்கக் காசில்லாத காலத்தில் படம் வாங்குவார் யார்? அவ்வாண்டு மே மாதத்தில் ஜார்ஜ் பிடில் என்னும் ஓவியர், தம் பள்ளித் தோழரான ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். மெக்ஸிகோ தேசத்தில் புரட்சிக்குப் பின் இளம் ஓவியர்கள் குழாய் வேலைக்காரருக்குரிய கூலியைப் பெற்றுக்கொண்டு சர்க்கார் கட்டடங்களின் சுவர்களில் தங்கள் நாட்டின் இலட்சியங்களைத் தீட்டி வருவதை அவர் எடுத்துக் காட்டினார். தம் நாட்டு இளைஞரும் அவ்வாறே பணி செய்ய ஆவலோடு காத்திருப்பதாகவும் தெரிவித்தார். அவர் கேட்டது தர்மமன்று, வேலை. இவ்வேற்றுமையை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

கடிதம் வீண்போகவில்லை. அவ்வாண்டு டிஸம்பரிலேயே பொக்கிஷ இலாகாவின் கீழ் ஓவியர்களுக்கு வாரக் கூலி கொடுத்து வேலை வாங்கும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. 1934-ன் நடுப்பகுதி வரை நடந்த அத்திட்டத்தில் ஏறக்குறைய 3,700 ஓவியரும் சிற்பிகளும் வேலை பெற்றனர். 15,000-க்கு மேற்பட்ட சித்திரங்களும் சிற்பங்களும் தோன்றின. அத்திட்டத்தை நடத்தியவர் எட்வர்டு புரூஸ். அவரைப்பற்றி இங்கு ஒரு வார்த்தை கூறுவது பொருந்தும். அவர் சட்டம் படித்தவர். நியூயார்க்கிலும் மணிலாவிலும் வக்கீல் தொழில் நடத்தியவர். மணிலாவில் ஒரு தினசரிப் பத்திரிகைக்குச் சொந்தக்காரராகவும் இருந்தவர். சீன வர்த்தகத்திலும் ஈடுபட்டவர். நாற்பது வயதைக் கடந்தபின் இவை யாவற்றையும் உதறிவிட்டு இத்தாலிக்குச் சென்று தூரிகை பிடித்தார். கடிதம் எழுதிய பிடிலும் சட்டம் கற்றுப் பின் அதைக் கைவிட்டவரே. வக்கீல் தொழிலையும் பத்திரிகைத் தொழிலையும் விட்டு நீங்கியவர்களால் உலகிற்கு உண்டாகும் நன்மையைக் காணும்போது, அவ்விரு தொழிலையும் விடாமற் பற்றிக்கொண்டிருக்கும் நாம் சற்றுத் தலைகுனியவே வேண்டியிருக்கிறது.

1934 அக்டோபரில் அதே பொக்கிஷ இலாகாவில் சித்திர சிற்பப் பிரிவு என ஒன்று நிறுவப்பட்டது. தேசத்தின் தபாலாபீஸ்களையும் பிற சர்க்கார் கட்டடங்களையும் கட்டும் பொறுப்பு அக்காலத்தில் அவ்விலாகாவினுடையது. ஒரு புதிய கட்டடத்திற்காகும் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை அதன் அலங்காரத்திற்கென ஒதுக்கலாம் என்பது புரூஸ் வகுத்த ஏற்பாடு. 1935-ல் வேறொரு இலாகாவின் கீழ்த் தொடங்கிய கலைத்திட்டமொன்று வேலையற்றோருக்கு நிவாரணம் அளிப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது. தபாலாபீஸ் சித்திரங்களோ அவ்வாறல்ல. தகுதியுள்ளவனைத் தேர்ந்தெடுத்து, ஒப்பந்தம் எழுதி, வேலைக்கு விலை கொடுத்து வாங்கியவை அவை. பலரும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர்.

தேர்ந்தெடுக்கும் முறையும் கவனிக்கத் தக்கது. பெரிய கட்டடங்களுக்குப் போட்டி அறிவிக்கப்படும். ஓவியன் தன் மாதிரிப் படத்தில் கையொப்பமிடலாகாது. பெயரைத் தனி உறையிலிட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். நடுவர் படத்தைப் பார்ப்பாரேயன்றி ஆளைப் பாரார். சிபார்சுக் கடிதத்திற்கு அங்கே வேலையில்லை. முதற்பரிசு பெறாவிடினும் நல்ல படம் அனுப்பியவருக்குச் சிற்றூர்த் தபாலாபீஸ் ஒன்றைக் கொடுப்பதும் உண்டு. வேலை கிடைத்த ஓவியர் கூடுமானால் அவ்வூருக்கே சென்று, போஸ்ட்மாஸ்டரையும் ஊர்ப் பெரியோரையும் கண்டு, அவ்வூரின் தொழிலென்ன, சரித்திரமென்ன என்று விசாரித்தறிய வேண்டும். பிறகு மாதிரிப் படம். அது அங்கீகரிக்கப்பட்டால் முதற்பணம். அதன்பின் சுவரளவுக்குக் கரிக்கோட்டுப் படம். அதற்கு அடுத்த பணம். கடைசியில் கித்தானில் எண்ணெய் வர்ணத்தால் முற்றும் தீட்டி, ஊருக்குக் கொண்டுபோய், முன்கூடத்தில் போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலுள்ள சுவரில் ஒட்டியபின் மீதிப் பணம். சிற்றூர்களுக்குக் கிடைத்த ஊதியம் பெரும்பாலும் சில நூறு டாலர்களே. கித்தானும் வர்ணமும் பிரயாணமும் ஒட்டுக்கூலியும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். செல்வம் சேர்க்க விரும்பியவன் அவ்வேலைக்குப் போயிருக்கமாட்டான்.

1943-ல் யுத்தத்தின் காரணமாக அப்பிரிவு மூடப்படுவதற்குள், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களில் இவ்வாறு சித்திரங்களோ சிற்பங்களோ அமைந்துவிட்டன. புரூஸும் அவ்வாண்டு ஜனவரியில் காலமானார். நியூயார்க், பாஸ்டன் போன்ற மாநகரங்களில் வசிப்பவர்களுக்குச் சித்திரசாலைகள் உண்டு. கோதுமை விளையும் சமவெளிச் சிற்றூரில் வாழ்ந்தவன், கையால் தீட்டிய பெரியதோர் ஓவியத்தைத் தன் ஆயுளிற் காண்பதே அரிது. அவனிடத்திற்கே ஓவியத்தைக் கொண்டுபோய் வைத்த செயல், பள்ளிக்கூடம் கட்டியதற்கு ஒப்பான செயல் என்றே கூறுவோம்.

சித்திரம் வந்தவுடன் ஜனங்கள் வாயடைத்துக் கைகட்டி நின்றார்களா? இல்லை. ஏரில் பூட்டிய குதிரையின் அங்கம் சரியில்லை என்றும், எங்கள் பக்கத்தில் இப்பயிர் விளைவதேயில்லை என்றும் அவர்கள் குறை கூறினார்கள். பட்டணத்து ஓவியர்களில் சிலர் இதைக் கேட்டு நகைத்தனர். நாம் நகைக்கமாட்டோம். தன் குதிரையைத் தானறிந்தவன் அதன் படத்தைப்பற்றிப் பேசுவதற்கு உரிமையுள்ளவன். பொதுப்பணத்தில் தீட்டிய படத்தைப்பற்றிப் பொதுஜனம் பேசத் தொடங்கியதே அத்திட்டத்தின் முதல் வெற்றி. ஆனால் ஆட்சேபணைகள் யாவும் இத்தகையனவாக இருக்கவில்லை. படம் பொய்யாக இருக்கிறது என்று ஆட்சேபிப்பவன் ஒருவன். படம் மெய்யாக இருக்கிறதே என்று ஆட்சேபிப்பவன் மற்றொருவன். இவ்விரண்டாமவனை எதிர்த்து நிற்கும் திராணி ஒரு சர்க்காருக்கு உண்டா என்பதே பரீட்சை.

1939-ல் அப்பிரிவு ஒரு பெரும் போட்டி நடத்திற்று. அக்காலத்தில் அந்நாட்டின் ராஜ்யங்கள் நாற்பத்தெட்டு; ராஜ்யத்துக்கு ஒரு தபாலாபீஸ் வீதம் நாற்பத்தெட்டுச் சித்திரங்களுக்கு மாதிரிகள் வரவழைக்கப்பட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் வந்து குவிந்தன. ஐடஹோ ராஜ்யத்திலுள்ள கெல்லாக் என்னும் ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிளெட்சர் மார்ட்டின் என்பவருடைய படம். கெல்லாக் வெள்ளி, ஈயச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். மார்ட்டின் தீட்டியது சுரங்கத்துள் அடிபட்ட தொழிலாளி ஒருவனைத் தோழர்கள் டோலியில் வைத்துத் தூக்கி வரும் காட்சி. சுரங்கத் தொழிலாளரின் சங்கத்தார் அப்படத்தை வரவேற்றனர். அது அவர்களுடைய வாழ்க்கையன்றோ? ஊரின் சுரங்க முதலாளிகளுக்கோ அது பொறுக்கவில்லை. கடிதம் வாங்க வருபவர் கண்ணெதிரில் விபத்தின் காட்சியா, தொழிலுக்கே இழுக்கல்லவா என்று கூச்சலிட்டனர். வாஷிங்டனிலிருந்த அதிகாரிகள் இடங்கொடுத்து விட்டனர். அப்படம் சுவரேறவில்லை. அதற்குப் பதிலாக 1941-ல் அதே ஓவியர் வேறொரு படம் தீட்டினார். ஊருக்குப் பெயர் தந்த கெல்லாக் என்பவர் தம் கழுதையோடு சுரங்கத்தைக் கண்டுபிடித்த கதை அது. முதலாளிகளுக்குத் திருப்தி, போஸ்ட்மாஸ்டருக்கு நிம்மதி. கழுதைக்குக் கிடைத்த இடம் அடிபட்ட மனிதனுக்குக் கிடைக்கவில்லை!

கதை இதனோடு முடியவில்லை. 1972 மே 2-ந் தேதி, கெல்லாகுக்கு அருகிலுள்ள ஸன்ஷைன் என்னும் வெள்ளிச் சுரங்கத்தில் நெருப்புப் பற்றிற்று. புகையும் விஷவாயுவும் சூழ 91 தொழிலாளர் மாண்டனர். தபாலாபீஸில் அப்படம் இருந்திருந்தால் அந்நெருப்பு மூண்டிராது என்று நாம் கூறவரவில்லை; சித்திரம் சுரங்கத்துக்குக் காற்று வழி அமைக்காது. ஆனால் ஓர் ஊரார் எந்த அபாயத்தின் நிழலில் தினந்தோறும் வாழ்கிறார்களோ, அதைச் சுவரில் கண்ணெடுத்துப் பார்ப்பதே ஊருக்கு அவமானம் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் தீர்ப்புச் சொன்னவர்கள் யார்? சுரங்கத்துள் இறங்குபவர்களா? இறங்காதவர்கள். பிறருடைய காயத்தை மறைக்கும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தது யார்? அதுவே நம் கேள்வி.

இவ்வாறு இடங்கொடுத்தது ஒருமுறை மட்டுமன்று. 1938-ல் தென் கரோலினா ராஜ்யத்திலுள்ள எய்கன் நகரத்து நியாயஸ்தலச் சுவருக்கு ஸ்டீபன் ஹிர்ஷ் என்பவர் இதே பிரிவின் ஏற்பாட்டில் நீதிதேவதையின் உருவத்தைத் தீட்டினார். தேவதையின் மேனி கறுத்திருக்கிறது, கலப்பு ஜாதிப் பெண்ணைப்போலத் தோன்றுகிறது என்று வெள்ளையர் ஆட்சேபித்தனர். படத்தின்மேல் திரை தொங்கவிடப்பட்டது. நீதிதேவதைக்குக் கண்கட்டு உண்டு என்று நூல்களிற் படித்திருக்கிறோம். அவளுடைய நிறத்தைக் கண்டு நீதிபதிகள் அஞ்சிய விந்தையை இங்கேதான் காண்கிறோம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தபாலாபீஸில், உழவரும் ஆலைத் தொழிலாளருமாகிய உழைப்பாளிகளைப் பென் ஷானும் அவருடைய துணைவியார் பெர்னார்டா பிரைஸனும் அழகுறத் தீட்டினர். அதில் கவி வால்ட் விட்மனுடைய வரிகளை எழுத முற்பட்டபோது, பாதிரியார் ஒருவர் அவை மதத்துக்கு விரோதமென்று கண்டித்தார். வரிகள் மாற்றப்பட்டன. உழைப்பாளியைக் காட்டலாம், அவன் சிந்திப்பதைக் காட்டலாகாது போலும்.

எனினும் தூரிகை பிடித்த கை யாவும் அடங்கிய கையல்ல. வாஷிங்டன் நகரத்தில் தபால் இலாகாவின் தலைமைக் கட்டடத்திற்கு 1937-ல் ராக்வெல் கென்ட் என்பவர் இரண்டு சித்திரங்கள் தீட்டினார். வடதுருவத்தை அடுத்த அலாஸ்காவில் ஒரு கடிதம் புறப்படுகிறது. வெப்பம் மிகுந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் அது போய்ச் சேருகிறது. தபாலின் பெருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டல் இயலாது என்று அதிகாரிகள் மகிழ்ந்தனர். போர்ட்டோ ரிக்கோப் பெண் கையிலிருந்த கடிதத்தில் மிகச் சிறிய எழுத்துக்களில் ஏதோ எழுதியிருந்தது. அது எஸ்கிமோ மக்களின் கிளைமொழியொன்று. துருவப் பிரதேசங்களில் பழகிய ஓர் அறிஞரைக் கொண்டு பொருள் அறிந்தபோது இலாகா திடுக்கிட்டது. தலைவர்களை மாற்றிக்கொள்வோம், அதுவே நம்மைச் சமமாகவும் சுதந்திரமாகவும் ஆக்கும் என்று அலாஸ்கா மக்கள் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்குச் சொல்வதாக அதன் கருத்து! 1898-ல் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றிய அத்தீவை அமெரிக்கா ஆண்டுவந்தது. 1936-ல் அத்தீவின் சுதந்திரத் தலைவர் பெட்ரோ அல்பிஸு காம்போஸுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1937 மார்ச்சில் பொன்ஸே நகரத்தில் ஊர்வலம் வந்தவர்கள்மீது போலீஸார் சுட்டுப் பலரைக் கொன்றனர். அவ்வாண்டிலேயே ஆளும் சர்க்காரின் சொந்தச் சுவரில், ஆளும் சர்க்காரின் சொந்தச் செலவில், ஆளப்படுவோரின் மனோரதம் எழுதப்பட்டிருந்தது. அடிமைத்தளையின் வேதனையை அறிந்த எந்த நாட்டாரும் இச்செய்தியைப் புன்னகையின்றிப் படிக்க முடியாது.

தனியார் சுவருக்கும் பொதுச் சுவருக்கும் உள்ள வேற்றுமை இரண்டு சம்பவங்களால் விளங்கும். 1933-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் குடும்பத்தார் கட்டிய மாளிகையில் மெக்ஸிகோ ஓவியர் டீகோ ரிவேரா தீட்டிய சுவர்ச் சித்திரத்தில் லெனினுடைய முகம் இருந்தது. முகத்தை நீக்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார். கூலி முழுவதையும் கொடுத்து வெளியேற்றிவிட்டு, 1934 பிப்ரவரியில் சித்திரத்தைச் சுத்தியலால் உடைத்தெறிந்தனர். சுவர் அவர்களுடையது, சட்டம் அவர்கள் பக்கம்.

அடுத்தது ஸான் பிரான்ஸிஸ்கோ. அந்நகரத்து ரிங்கான் தபாலாபீஸுக்கு 1941-ல் ஆன்டன் ரெப்ரிஜியர் என்பவர் போட்டியில் வென்று, யுத்தத்தால் தடைப்பட்டு, 1948-க்குள் கலிபோர்னியாவின் சரித்திரத்தை 27 படங்களாகத் தீட்டி முடித்தார். தங்கம் தேடி வந்தவர்களையும் ரெயில் பாதை அமைத்தவர்களையும் அவர் காட்டினார். அதோடு நில்லாமல், சீனரை வெள்ளையர் கூட்டம் அடித்து நொறுக்கியதையும், 1934-ல் துறைமுகத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தையும் காட்டினார். தீட்டிக்கொண்டிருக்கும்போதே மாற்று, மாற்று என்று உத்தரவுகள் வந்தன. இச்சித்திரங்களுக்கெல்லாம் காரணமாயிருந்த ரூஸ்வெல்டின் உருவத்தையே அகற்றும்படி கட்டளை வந்தது என்றால் காலத்தின் கோலத்தை என்னென்பது! 1953-ல் கலிபோர்னியாப் பிரதிநிதி ஹ்யூபர்ட் ஸ்கடர் என்பார் இச்சித்திரங்களை அகற்ற வேண்டுமென்று காங்கிரஸ் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவை கம்யூனிஸ்டுப் பிரசாரம் என்பது குற்றச்சாட்டு. அவ்வாண்டு மே மாதத்தில் விசாரணை நடந்தது. நகரத்துச் சித்திரசாலைத் தலைவர்களும் கலைஞரும் பொதுமக்களும் சித்திரங்களின் பக்கம் எழுந்து நின்றனர். தீர்மானம் நிறைவேறவில்லை. சித்திரங்கள் தப்பின.

ராக்பெல்லர் மாளிகையில் விசாரணை கிடையாது. ரிங்கான் தபாலாபீஸுக்கு விசாரணை உண்டு. பிந்திய சுவருக்குச் சொந்தக்காரர் ஜனங்கள். ஜனங்களுடைய சொத்தை உடைக்க வேண்டுமானால் பகிரங்கமாகக் காரணம் கூற வேண்டும். எதிர்ப்பவர் வாதத்தைக் கேட்க வேண்டும். பொதுச் சுவரின் பாதுகாப்பு அதன் காரைப்பூச்சில் இல்லை. இந்த முறைமையில் இருக்கிறது. கெல்லாகில் கடிதங்கள் மூலமாக மறைவில் முடிந்த காரியம், ஸான் பிரான்ஸிஸ்கோவில் பகிரங்க விசாரணைக்கு வந்ததால் முடியாமற் போயிற்று என்பதைக் கவனிக்க.

இனி இத்திட்டத்தின் பெரியதோர் குறையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. ஜனங்களின் வாழ்க்கையைத் தீட்டினோம் என்றார்கள். எந்த ஜனங்கள்? நீக்ரோ என அக்காலத்தில் அழைக்கப்பட்ட கறுப்பு மக்கள் தென் ராஜ்யங்களின் சித்திரங்களில் பருத்தி பறிப்பவராகவும் மூட்டை சுமப்பவராகவும் பலவிடங்களிற் காணப்படுகின்றனர். தூரிகை பிடிக்கும் வாய்ப்போ அவர்களில் மிகச் சிலருக்கே கிட்டிற்று. அத்தேசத்தின் ஆதிக்குடிகளைப் பற்றிய படங்களோ அனேகம். அவற்றைத் தீட்டியவர் பெரும்பாலும் பிறர். 1941-ல் ஓக்லஹோமா ராஜ்யத்தில் வாடோங்கா தபாலாபீஸில் ஈடித் மாஹியர் என்னும் அம்மையார் ஷையென் குலத் தலைவர் ஒருவரின் சித்திரத்தைத் தீட்டினார். அக்குலத்தின் அக்காலத் தலைவரான ரெட் பேர்டு அதைப் பார்த்துச் சீறினார். இவர் எங்கள் குலத்தவரே அல்லர், வேறு குலத்தவர்போல் இருக்கிறார். குழந்தையோ பன்றிக்குட்டிபோல் இருக்கிறது என்று கூறித் தம் மக்களோடு வந்து தபாலாபீஸின் முன் மறியல் செய்தார். அம்மறியல் நியாயமானது என்பதே நமது கருத்து. தன் முன்னோன் முகத்தைப் பிறன் பிழைபடத் தீட்டினால், அது பிழை என்று சொல்லும் உரிமை அவனுக்கன்றி வேறு யாருக்கு?

அதே ஓக்லஹோமாவில் அனடார்கோ என்னும் ஊர்த் தபாலாபீஸைப் பாருங்கள். 1936, 1937-ல் அங்கே வேலை பெற்றவர் கியோவா குலத்தவரான ஸ்டீபன் மோப்போப். அவருக்குத் துணை நின்ற ஜேம்ஸ் ஆச்சியாவும் ஸ்பென்ஸர் ஆஸாவும் அக்குலத்தவரே. தம் மக்களின் நடனத்தையும் வாழ்க்கையையும் பதினாறு படங்களில் அவர்கள் தீட்டினர். அங்கே மறியல் இல்லை. ஒரே ராஜ்யம், ஒரே சர்க்கார், ஒரே பணம். ஓரிடத்தில் அவமானம், மற்றோரிடத்தில் பெருமை. வித்தியாசம் தூரிகை யார் கையிலிருந்தது என்பதிலேயே. சமூகத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்காகப் பேசுகிறோம் என்று மார்தட்டும் எந்தக் கட்சிக்கும் இதில் பாடமுண்டு.

இக்குறையின் பயனை அத்தேசம் பிற்காலத்திலும் அனுபவித்தது. 2020-ல் அங்கே நிற வேற்றுமையை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி எழுந்தபின், அடிமை வாழ்க்கையை இனிமை பூசிக் காட்டும் சித்திரங்களும் ஆதிக்குடிகளை இழிவுபடுத்தும் சித்திரங்களும் கண்டனத்துக்குள்ளாயின. தபால் நிர்வாகத்தார் சில ஊர்களில் படங்களைத் திரையிட்டு மூடினர். மற்றொரு புறம், பழைய தபாலாபீஸ் கட்டடங்கள் சில தனியாருக்கு விற்கப்பட்டன. பென் ஷானின் சித்திரங்களுள்ள பிராங்க்ஸ் கட்டடமும் 2014-ல் விலைபோயிற்று. அதற்குமுன் 2013-ல் நகரசபையின் பாதுகாப்புச் சட்டம் அந்த முன்கூடத்தைக் காத்து வைத்ததே நல்லூழ். சுவர் கைமாறும்போது, அதைப் பார்க்கும் உரிமையும் ஜனங்களிடமிருந்து கைமாறுகிறது.

எய்கன் நகரத்தில் 1938-ல் தொங்கிய திரையையும், பிற்காலத்தில் தொங்கவிடப்பட்ட திரைகளையும் நாம் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்குப் பிடிக்காது. முன்னது கறுப்பு மக்களை இகழ்ந்தவர் போட்ட திரை. பின்னது அவர்கள் மனம் புண்படாதிருக்கப் போட்ட திரை. இரண்டும் எங்ஙனம் ஒன்றாகும் என்று கேட்பார்கள். நோக்கத்தில் இரண்டும் ஒன்றல்ல, முற்றிலும் எதிரானவை. ஆனால் திரைக்கு நோக்கம் தெரியாது. இன்று நல்லவன் கையால் பழகிய திரை நாளை கெல்லாக் முதலாளியின் கைக்கு வசப்படும். பொய்ப் படத்தை மூடிவிட்டால், ஒரு காலத்தில் சர்க்காரே அப்பொய்யைப் பணம் கொடுத்துத் தீட்டுவித்தது என்னும் சாட்சியமும் அதனோடு மூடப்படுகிறது. சாட்சியத்தை மறைப்பது குற்றவாளிக்கு அனுகூலமேயன்றி வாதிக்கு அனுகூலமாகாது என்பது நியாயஸ்தலத்தில் சில காலம் கழித்தவர் யாவரும் அறிந்ததே.

அப்படியாயின் மனம் புண்பட்டவன் பொறுத்துக்கொண்டே கடிதம் வாங்கிப் போக வேண்டுமா? ஒருகாலும் அன்று. அவனுக்குச் செய்ய வேண்டிய பரிகாரம் திரையைவிடப் பெரியது. முதலாவதாக, பிழையுள்ள படத்தின் அருகிலேயே, அது எவ்வாறு பிழை என்பதை யாவரும் படிக்கத்தக்கவாறு எழுதி வைக்க வேண்டும். இரண்டாவதாக, எதிர்ச் சுவரை அவனுக்குத் தர வேண்டும். அனடார்கோவில் மோப்போப்புக்குத் தந்ததுபோல அவன் குலத்து ஓவியனுக்குத் தூரிகையும் கூலியும் தர வேண்டும். ஒரு சுவர் உரைத்த பொய்யை அடுத்த சுவர் மறுத்துரைக்கட்டும். மூன்றாவதாக, எந்தப் படத்தையும் நீக்கவோ மூடவோ வேண்டுமென்று யார் கேட்டாலும், அது அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்தில் முடியாமல், அவ்வூரார் கூடிய சபையில், படத்திற் காணப்படுவோரின் வாக்கை முதலிற் கேட்டு முடிவு செய்யப்பட வேண்டும். கெல்லாக் படத்தைப்பற்றிச் சுரங்கத் தொழிலாளரை வாக்குக் கேட்டிருந்தால் அது சுவரேறியிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

சர்க்கார் பணம் கொடுத்தால் கலைஞன் சர்க்காரின் துதிபாடகனாகிவிடுவான், ஆகையால் சர்க்கார் கலையின் அருகிலேயே வரலாகாது என்று கூறுவோர் உண்டு. இவர்கள் கூற்றில் ஒரு பகுதி உண்மை. சர்வாதிகார நாடுகளில் அவ்வாறு ஆனதைக் கண்டிருக்கிறோம். ஆனால் சர்க்கார் விலகிக்கொண்டால் சுவர் வெறுமையாக நிற்காது. விளம்பரக்காரன் வருவான், தனவந்தன் வருவான். அவனுடைய சுத்தியலுக்கு விசாரணை கிடையாது என்பதை ரிவேராவின் சித்திரம் காட்டிவிட்டது. கூலி கொடுத்தவன் உழைப்பை வாங்குகிறான், கண்ணை வாங்குவதில்லை. பொதுப்பணத்தில் கூலி கொடுக்கும் சர்க்கார், கலைஞன் கண்டதைக் காணும் தைரியத்தையும் கூடவே பெற்றிருக்க வேண்டும். அத்தைரியம் தானாக வருவதன்று. ஜனங்கள் பக்கத்தில் நின்றால் வரும். இல்லாவிடில் பலமுள்ளவர் முதற் கூச்சலிலேயே ஓடிவிடும்.

பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நம் வாசகருக்கு ஒரு வார்த்தை. பொது மண்டபங்களில் தலைவர்களின் படங்களைத் திறந்து வைக்கவும், மாலை சூட்டவும் நாம் யாவரும் விரைகிறோம். அது தவறன்று. ஆனால் அச்சுவர்களில் உழைப்பவனுடைய முகம் எங்கே, அவனுடைய ஆபத்து எங்கே என்று கேட்பவர் சிலரே. கெல்லாக் தபாலாபீஸில் கழுதையின் படம் ஏறியதைப்பற்றி நகைப்பது எளிது. நம் கண்ணெதிரிலுள்ள சுவர்களில் எதை ஏற்றி எதை இறக்கியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது கடினம். டோலியில் கிடந்த அத்தொழிலாளிக்கு ஒரு சுவர் மறுக்கப்பட்டது. இனி எந்த ஊரிலும் அவ்வாறு மறுக்கப்படாதிருக்கக் காவல் நிற்பது, சுவருக்குச் சொந்தக்காரராகிய ஜனங்களின் கடமை.